கல்லடி வெக்கையில் ஆபிரிக்கன் வயலட்

மட்டக்களப்பில் ஆபிரிக்கன் வயலட் வளராது என்று சொல்பவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சித்திரையில் பள்ளி விடுமுறை விட்டதும் பாதிச் சனம் நுவரெலியாவுக்குப் போகும். அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். திரும்பி வரும்போது ஆளுக்கொரு கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வாகனத்தில் ஏறிவிடும். வெல்வெட் இலை, நடுவில் கொத்தாக ஊதாப் பூ. பதுளை, பிபிலை, மகாஓயா என்று இறங்கிச் செங்கலடிக்கு வரும்வரை செடிக்கு ஒன்றும் ஆகாது. வைகாசி கழியும்போது மொட்டுகள் கருகும். ஆனியில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று எழும்பி வீசத் தொடங்கினால் இலைகள் தொங்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடப் போகிற நேரம் சாடிதான் மிச்சம். "அது மலைச் செடி, இஞ்ச தங்காது" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

செடி செத்தது உண்மை. தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். தை, மாசி விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. ஆபிரிக்கன் வயலட்டோ 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திவிடும் செடி. நுவரெலியாவில் அதைத் திறந்த வெளியில் ஓர் இரவு வைத்தாலே நொந்துபோகும். கண்ணாடிக்கோ பொலித்தீனுக்கோ உள்ளே வைத்துத்தான் பூக்க வைக்கலாம். எந்த மலையிலிருந்து நாம் வாங்கி வருகிறோமோ, அந்த மலையின் குளிரே அதற்கு ஒத்துவராது.

இதன் சொந்த ஊர் இன்றைய தன்சானியா. 1892இல், அது ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காவாக இருந்த காலத்தில், டாங்காப் பக்கம் மாவட்ட அதிகாரியாக இருந்த வால்டர் வொன் செயின்ட் போல் என்ற பிரபு இதைக் கண்டு ஜேர்மனியிலிருந்த தகப்பனுக்கு அனுப்பினார். அது அங்கிருந்து ஹனோவரின் ஹெரன்ஹவுசன் பூங்காவை நடத்திய ஹெர்மன் வென்ட்லாண்டின் கைக்குப் போனது. அவர் 1893இல் அதற்குச் செயின்ட்போலியா அயொனந்தா என்று பெயரிட்டார். செடி எங்கே கிடைத்தது என்று பிரபு சொன்ன குறிப்பில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று உசம்பரா மலைக்காடு, ஏறத்தாழ 2,500 அடி உயரம். உலகம் முழுவதும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்த இடத்தைத்தான். அதுகூட நுவரெலியா உயரம் இல்லை, நம்முடைய பதுளை உயரம். மற்ற இடம் டாங்காத் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 50 முதல் 150 அடிக்குள். அங்கே மரநிழலில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் வேரூன்றி இருந்தது.

டாங்கா இந்து சமுத்திரக் கரை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஐந்து பாகையில் இருக்கிறது. நாம் வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவு. அதே கடலின் அந்தப் பக்கத்துக் கரையில், ஏறக்குறைய நம்முடைய கடற்கரை உயரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த செடி மட்டக்களப்பின் கல்லடியில் தங்காது என்றால் எப்படி?

தங்காமல் போவதற்குக் காரணம் நாங்கள் அதற்குக் கொடுக்கிற வீடு. பாறை வெடிப்பில் மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, வழிந்து ஓடிவிடும். வேர் சுற்றிக் கிடப்பது கொஞ்சம் இலைமக்கில், மீதி காற்று. மேலே காட்டு மரங்கள். நாளெல்லாம் நிழலில் கிடக்கும் பாறை இரவானால் மேலும் ஆறிவிடும். நம் வீட்டில் என்ன நடக்கிறது? நாளெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கிற கலவை, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அடியில் தண்ணீர் நிற்கிற தட்டு, மேலே வெயிலைக் குடித்துவிட்டு விடியும்வரை கக்குகிற கொங்கிறீற் கூரை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கடையில் கிடைப்பவை காட்டுச் செடிகள் இல்லை. லொஸ் ஏஞ்சல்சில் ஆர்மகொஸ்ட் அன்ட் ரொய்ஸ்டன் என்ற நாற்றுமேடைக்காரர்கள் 1920களில் ஜேர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை எடுத்து, முளைத்தவற்றுள் பத்தைத் தேர்ந்து விற்றார்கள். 'புளூ போய்' அந்தப் பத்தில் ஒன்று. அந்த வழியில் வந்து, பல தலைமுறையாகக் குளிர்நாட்டு வீடுகளில் 18 முதல் 26 டிகிரிக்குள் வாழ்ந்து பழகிய கலப்புகள்தான் இன்று நம் கைக்கு வருபவை. 30 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் இருந்தால் பூ சிறுக்கும், மொட்டு விரியாமல் காயும். கச்சான் காலத்து மட்டக்களப்பில் பகல் 35 டிகிரியைத் தொடுவது புதினமில்லை. ஆகவே என் எதிர்பார்ப்பு இவ்வளவுதான்: கச்சானில் உயிர், மாரியில் பூ. பன்னிரண்டு மாதமும் பூக்கும் என்று இணையத்தில் போட்டிருப்பதை நம்பி, ஆனியிலும் ஆடியிலும் பசளையும் தண்ணீருமாகக் கொடுத்துச் செடியை வருத்துகிறவர்கள்தான் கடைசியில் வெறும் சாடியோடு நிற்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் முந்தி ஒரு பறங்கி அன்ரி இருந்தா. பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் அகலமான விறாந்தை. தண்ணீர்ப் பானை வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக வயலட் வைத்திருப்பா. பூக்கிற காலத்தில் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள். எங்கே வைக்கலாம் என்று கேட்டால் அவ சொல்லுகிற ஒரே விடை: "பகலில பாக்காத மகள். ராவைக்குச் சாடியில கைய வச்சுப் பாரு. சாடி சுட்டா அது இடமில்ல."

அந்தச் சோதனையை விடச் சிறந்த ஒன்றை இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. பகல் வெக்கையை இந்தச் செடி ஓரளவு பொறுக்கும். இரவிலும் ஆறாவிட்டால்தான் களைத்துப் போகிறது. பகலில் சேர்த்ததை இரவு மூச்சிலேயே செலவழித்துவிடுகிறது. அதனால் மேல்மாடி வேண்டாம். கொங்கிறீற் கூரைக்கும் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கும் நேர் கீழே வேண்டாம். குசினி வேண்டவே வேண்டாம். கீழ்வீடு, கிழக்குப் பக்கம், சுவர் தடிப்பான அறை, தரையிலிருந்து இடுப்பளவு உயரம். பானை வைக்கிற மூலை இருந்தால் அதைவிட நல்லது; பானை கசிகிற ஈரம் அக்கம்பக்கத்துக் காற்றை ஆற்றிக்கொண்டே இருக்கும். காற்றாடி ஓடலாம். ஆனால் செடியின் முகத்துக்கு நேரே வேண்டாம், அறைக் காற்று அசைந்தால் போதும்.

ஏசி பற்றிக் கேட்பார்கள். கல்முனையில் என் தங்கச்சி வீட்டில் படுக்கையறையில் இரவுக்கு மட்டும் ஏசி போடுவார்கள். அந்த ஜன்னலோரம் வைத்திருக்கிற அவளுடைய செடிகள் புரட்டாதியிலும் பூக்கின்றன. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். பகல் 30, இரவு 24 என்று அவளுடைய அறை தானாகவே ஒரு காட்டு இரவைச் செய்து கொடுக்கிறது. குளிர்காற்று நேரே விழுகிற இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. செடிக்காகவென்று ஏசி போடச் சொல்ல மாட்டேன். மின்சாரப் பட்டியலைப் பார்த்தால் பூ மறந்துபோகும்.

வெளிச்ச விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கல்லடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கிற மணல் திட்டு. மணலும் தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் "ஜன்னலோரம் வை" என்று எழுதுவது அவர்களுடைய மங்கிய வெயிலுக்கு. இங்கே மேற்கு ஜன்னல் அடுப்பு. கிழக்கு ஜன்னலில் மெல்லிய திரைச்சீலை போட்டுக் காலை வெயிலை வடிகட்டி விட்டால் சரி. வடக்குப் பக்கமும் தாராளமாகப் போதும். செடிக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் ஓரம் கலைந்து மென்மையாக விழுந்தால் அளவான வெளிச்சம். விரல்கள் கூராகத் தெரிந்தால் கூடிவிட்டது. நிழலே விழாவிட்டால் போதாது. செடியும் தன் பங்குக்குச் சொல்லும். இலைக்காம்புகள் நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் தேடுகிறது. இலை வெளிறி, நடுவில் குறுகி நெருங்கினால் சுடுகிறது.

வெளிச்சம் இல்லாத அறை என்றால் எல்ஈடி ரியூப் லைற் போதும். செடிக்கு ஒரு அடி மேலே, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். ஆனால் எட்டு மணி நேர இருட்டு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு வைக்காது. விடிய விடிய விளக்கு எரிகிற விறாந்தையில் "இலை நல்லா இருக்கு, பூதான் இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இனி மண். மண் என்று சொல்வதே பிழை, இதற்கு மண்ணே வேண்டாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் பீற், பேர்லைற், வேர்மிகுலைற் என்று மூன்று பெயர் வரும். எங்களுக்குத் தேங்காய்த் தும்புத்தூளும் உமிக்கரியும் இலைமக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவற்றைத் தேடிக் கொழும்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. நான் கலப்பது இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு உமிக்கரி, ஒரு பங்கு நன்றாக உக்கிய இலைமக்கு. எல்லாம் கண்ணளவு.

இதில் இரண்டு இடத்தில் அவதானம் வேண்டும். தேங்காய்ப் பொச்சை உவர்த்தண்ணீரில் ஊறப்போட்டுத் தும்படித்திருந்தால் தூளில் உப்பு இருக்கும். வாளியில் போட்டு ஊறவைத்துப் பிழிந்து ஊற்றுங்கள். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வரும். நிறம் வெளுக்கும்வரை விடாதீர்கள். பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தது உமி. நெல் ஆலையிலும் செங்கல் சூளையிலும் எரிந்த உமி கேட்டால் கிடைக்கும். ஆனால் சாம்பல் நிறமாக வெந்து உதிர்ந்தது நமக்கு வேண்டாம்; அது தண்ணீர் பட்டதும் களியாகி இறுகும், காரமும் கூட. உமியின் வடிவம் குலையாமல் கறுத்திருப்பதே உமிக்கரி. கையில் எடுத்து ஊதினால் தூளாகப் பறக்கக் கூடாது, மணி மணியாகச் சிதற வேண்டும். அதையும் ஒருமுறை கழுவி எடுங்கள். கலந்து முடிந்த கலவையை ஈரத்தோடு பிடித்து இறுக்கிப் பாருங்கள். விரலை விரித்ததும் உருண்டை தானாக வெடித்துப் பிரிந்தால் வேருக்குக் காற்று கிடைக்கும்.

சாடிக்கு எங்கள் ஊரில் தயிர்ச்சட்டியை அடிக்க ஒன்றுமில்லை. ஆபிரிக்கன் வயலட்டின் வேர் ஆழம் போகாது, அகலமும் அதிகம் கேட்காது. செடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலமான சாடி என்பது பொதுக் கணக்கு. எருமைத் தயிர் வருகிற சின்னச் சட்டி அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். பெரிய சட்டியில் வைத்தால் செடி இலையை மட்டும் பெருக்கிக்கொண்டு பூவை மறந்துவிடும். சட்டியை வெந்நீரில் ஊறவைத்து நெய்ப்பசை போகக் கழுவி, குப்புற வைத்து, ஆணியால் மெல்லத் தட்டியோ துளைபோடும் கருவியாலோ அடியில் இரண்டு மூன்று துளை போடலாம். சுட்ட மண் ஆகையால் ஈரம் பக்கச்சுவர் வழியே கசிந்து ஆவியாகும், வேர்ப்பக்கம் ஆறும். பிளாஸ்டிக் சாடியில் நடக்காத வேலை இது.

மண்சட்டியில் ஒரு தொல்லையும் உண்டு. கசிகிற தண்ணீர் உப்பை விளிம்பில் விட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நாளில் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பூப்புப் படியும். அதில் சாய்ந்து கிடக்கிற அடி இலைகளின் காம்பு, தொட்ட இடத்தில் தேன்நிறமாகி, மறுகா கறுத்து, இலை அப்படியே கழன்று விழும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து விளிம்பில் உருக்கிய மெழுகு பூசிவிட்டால் தீர்ந்தது.

உப்பு எங்கிருந்து வருகிறது? பாதி பசளையிலிருந்து, பாதி நம் கிணற்றிலிருந்து. வாவிக்கும் கடலுக்கும் இடையில் தோண்டிய கிணற்றில் கோடை முற்ற முற்ற உவர் ஏறும். குழாயில் வருகிற உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் அதைவிட நல்லது, இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றலாம். மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் திறம். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் கோடை பாதிக்குக் காணும். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைச் சாடி நிறைய ஊற்றி அடியால் ஓடவிட்டுச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுவது என் வழக்கம்.

இலையில் தண்ணீர் படவே கூடாது என்று ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. அதன் காரணம் தெரிந்தால் பயம் பாதியாகும். இலையின் சூட்டைவிடத் தண்ணீர் மிகக் குளிராக இருந்தால், இலை சட்டென்று குளிர்ந்து, மேல்தோலுக்குக் கீழேயுள்ள கலங்கள் சிதைகின்றன. அதுதான் வளையம் வளையமாக வெளிறிய தழும்பு. குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீருக்கு அது பெரிய ஆபத்து. நம் கிணற்றுத் தண்ணீர் அறைச் சூட்டோடு கிட்டத்தட்ட ஒத்துத்தான் இருக்கும். இலையில் பட்டால் நிழலில் காயவிடுங்கள், ஒன்றும் நடக்காது. குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரும் ஐஸ் கட்டியும்தான் இங்கே தழும்பு போடும். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நண்பகலில் மேல்தாங்கியிலிருந்து வருகிற தண்ணீர் கை சுடும், அதை வேருக்கு ஊற்றினால் அவித்துவிடும். ஆகவே தண்ணீர் காலையில். இலைமேல் விழுவதைவிட நடுக்குருத்தில் தேங்குவதுதான் கேடு. தேங்கினால் டிஷ்யூத் துண்டின் முனையால் ஒற்றி எடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? சட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த பாரமும் காய்ந்த பாரமும் கைக்குச் சில நாட்களில் பிடிபடும். மேல் கலவை காய்ந்து சட்டி இலேசானால் ஊற்றலாம். இன்று செவ்வாய்க்கிழமை, ஊற்றும் நாள் என்று ஊற்றக் கூடாது. என்னிடம் "டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவருகிற செடிகளில் பெரும்பாலானவை ஒரே கோலம்: கலவை சொதசொதவென்று ஈரம், இலைகள் துவண்டு தொங்கும். வேர் அழுகியதால் தண்ணீர் இழுக்க முடியாமல் வாடுகிறது. பார்க்கிறவர்கள் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். அதற்கு மருந்து ஒன்றுதான். செடியைப் பிடுங்கி, அழுகிய தண்டை நல்ல பச்சை தெரியும்வரை பிளேட்டால் வெட்டி, வெளி இலைகளைக் கழித்து, குருத்தை மட்டும் புதிய கலவையில் ஊன்றி, சொப்பிங் பேக்கால் தளர்வாக மூடி நிழலில் வைக்க வேண்டும். தண்டு உள்வரை கறுத்திருந்தால் இலையை மட்டும் காப்பாற்றுங்கள்.

வெளியூர் போகிறவர்களுக்குத் திரி முறை உதவும். சட்டித் துளையால் ஒரு நூலை உள்ளே விட்டு, மறுமுனையைக் கீழே தண்ணீர்ப் போத்தலில் தொங்கவிட்டால் கலவை வேண்டிய மட்டும் குடிக்கும். பருத்தி நூல் உக்கிவிடும். நைலோன்தான் சரி. கடற்கரைப் பக்கம் வலைக்கடைகளில் வாங்கலாம், ஆனால் தங்கூசி வேண்டாம். ஒற்றை இழையில் தண்ணீர் ஏறாது. பல இழை சேர்த்து முறுக்கிய வலைநூலைக் கேட்டு வாங்குங்கள். மாரி தொடங்கியதும் திரியை உருவிவிடுங்கள், காற்றிலேயே ஈரம் இருப்பதால் சட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றினால் போதும்.

மாரியை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி கடைசியில் மழை இறங்கி இரவு ஆறத் தொடங்கியதும் செடி விழித்துக்கொள்ளும். குருத்தில் புது இலை ஒவ்வொன்றாக விரியும். கார்த்திகை, மார்கழியில் இலைக்கக்கத்தில் மொட்டுக் காம்பு தெரியும். தை, மாசிதான் எங்கள் பூக்காலம். ஆனால் நாள்கணக்கில் மூடிய வானத்தில் வெளிச்சம் குறையும், ஈரம் கூடும். வாடிய பூவை அப்படியே விட்டால் சாம்பல் பூஞ்சணம் பிடித்து மொட்டுக்கும் பரவும். இலையில் மாவு தூவியதுபோலத் தெரிந்தால் அதுவும் பூஞ்சணம்தான். சட்டிகளை விலக்கி வைத்து, பகலில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மழைச்சாரல் விழாமல் பாருங்கள். ரியூப் லைற் வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் போடலாம். சூடும் இல்லை, பூவும் கூடும்.

பசளையும் அப்போதுதான். அல்பேர்ட் பசளையைப் பெட்டியில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து, மாரி முடியும்வரை தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். கச்சானில் ஒன்றும் இல்லை. வயல்வீடுகளில் யூரியாப் பை எப்போதும் மூலையில் இருக்கும். தயவுசெய்து அதில் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், இந்த வேர் கருகிவிடும். இதையெல்லாம் அருகில் இருந்து பார்க்கிற என் மாமி ஒருநாள் சொன்னா: "என்ன மகள், எனக்குக்கூட இவ்வளவு கணக்குப் பார்த்துச் சாப்பாடு தரல்லையே!" மாமியின் சீனி வருத்தத்துக்குப் பார்க்கிற கணக்கு இதைவிடப் பெரிது என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் இங்கே முதல் எதிரி. இலைக்கக்கத்தில் பஞ்சுத் துண்டுபோல ஒட்டியிருக்கும். சட்டியில் எறும்பு ஏறுகிறது என்றால் தேடிப் பாருங்கள், அதன் தேனைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் தொட்டுத் துடைத்தால் போகும், சில நாள் விடாமல் பார்க்க வேண்டும். பூவின் மஞ்சள் மகரந்தம் இதழ்மேல் கொட்டிக் கிடந்தால் இலைப்பேன். பூவெல்லாம் கிள்ளி எறிந்துவிடுங்கள், மகரந்தம் இல்லாவிட்டால் அதற்குத் தீன் இல்லை. நடுக்குருத்து மட்டும் சுருங்கி, சாம்பல் பூத்து, தொட்டால் முறிகிறமாதிரி இறுகினால் கண்ணுக்குத் தெரியாத சைக்ளமென் மைற் என்ற உண்ணி. அந்தச் செடியைச் சட்டியோடு எறிவதே நல்லது. பூனை கடித்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இலையிலிருந்து செடி எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. வெளிவட்டத்துக் கிழட்டு இலையும் வேண்டாம், குருத்தும் வேண்டாம், நடுவட்டத்தில் ஒன்று. காம்போடு பக்கவாட்டில் மெல்லச் சரித்தால் 'டிக்'கென்று கழன்று வரும். காம்பை ஒரு அங்குலம் விட்டுப் புதுப் பிளேட்டால் சரிவாக வெட்டுங்கள். சரிந்த முகம் மேலே பார்க்க இருந்தால் குட்டிகள் அந்தப் பக்கத்தால் எழும்பும். யோகட் கப்பின் அடியில் துளை போட்டு, தும்புத்தூளும் உமிக்கரியும் சரிபாதி கலந்து நிரப்பி, காம்பை அரை அங்குலம் சாய்வாக ஊன்றி, வெளிச்சமுள்ள நிழலில் வைக்கலாம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும், இலையை மெல்ல இழுத்தால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மறுகா ஒன்றும் நடக்காததுபோல வாரங்கள் போகும். பிறகு ஒருநாள் காம்படியில் எள்ளளவு இலைகள், மயிர் முளைத்தபடி, இரட்டை இரட்டையாகத் தெரியும். அவை தாய் இலையின் கால்வாசி ஆனதும் பிரித்துத் தனித்தனி கப்பில் நடலாம். பூக்க இன்னும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். இலை ஊன்றத் தையும் மாசியும் தோதான காலம், கச்சானுக்கு முன் வேர் தரித்துவிடும்.

எந்தச் செடியை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் விடை எப்போதும் சாதாரண ஊதா நிற ஒற்றைப் பூ. இதழில் காற்றாடி மாதிரிக் கோடு போட்ட கைமேராச் செடிகள் அழகுதான், ஆனால் அவற்றின் இலையை ஊன்றினால் கோடில்லாத சாதாரணப் பூவே வரும். பக்கக் கன்றோ பூக்காம்போ வேண்டும். இலையோரம் வெள்ளை படர்ந்த வகைகளைப் பார்த்து மயங்காதீர்கள். வெக்கையில் அந்த வெள்ளை மங்கிப் பச்சையாகிவிடும், மாரி ஆறிய பிறகு விரிகிற புது இலைகளில்தான் திரும்பி வரும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை. காசு கொடுத்துச் செடி வாங்குவதைவிட, இங்கே ஒரு கோடையைத் தாண்டிய செடி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து ஓர் இலை கேளுங்கள். ஈர டிஷ்யூவில் காம்பைச் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தால் அக்கரைப்பற்று பஸ்ஸிலும் வாடாமல் வரும்.